ஐந்தாம் மாதத்து முடி

...எண்ணக் கூடாது, நேற்றே முடிவு செய்தாயிற்று, எண்ணினால் அந்த எண் நாள் முழுக்கத் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், பேசாமல் விரலிடுக்கில் வருவதை வழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டே போகவேண்டியது, குளித்து முடித்ததும் மொத்தமாகத் திரட்டி உருட்டிவிடவேண்டியது, அவ்வளவுதான். ஈர டைல்ஸில் ஒட்டிய முடி யாரோ அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து மாதிரி இருக்கிறது, ஓரிடத்தில் அப்படியே 'ஞ', பக்கத்தில் கொம்பை மட்டும் போட்டுவிட்டு எழுத்தை எழுத மறந்துபோன மாதிரி ஒரு சுழி... என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு எழுதியிருக்கிறது? கதவை ஒரு சாண் திறந்து வைத்திருக்கிறேன், அந்த இடுக்கில் குழந்தைக் கட்டிலின் கம்பிகள் தெரிகின்றன, கம்பிகளுக்கு நடுவே பட்டாணியின் கால் தெரிகிறது, மஞ்சள் சாக்ஸ் போட்ட கால், அது ஆடிக்கொண்டிருக்கும் வரை நான் தண்ணீரில் நிற்கலாம், ஆடுவது நின்றால் எட்டிப் பார்க்கவேண்டும். பிறந்த அன்று உருண்டையாக, சுருங்கிப்போய், மூடிய கண்ணோடு கிடந்தவளை அவள் அப்பா பார்த்த மாத்திரத்தில் "பட்டாணி" என்றார், அதற்குப் பிறகு வைத்த எந்தப் பெயரும் அவள்மேல் ஒட்டவில்லை. தண்ணீர் வடியவில்லை, பாதம் முழுகி நிற்கிறது, வேறென்ன, முடிதான் அடைத்திருக்கும். குனிந்து சல்லடை மூடிக்குள் விரலை விட்டு இழுத்தேன், நனைந்த எலிக்குஞ்சு மாதிரி கறுப்பாக ஒன்று நீளமாக வந்துகொண்டே இருந்தது, இது என்னுடையதா, போன வருடம் இதே முடியைத்தானே கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்...

போன வருடம் என்ன அழகு. வயிற்றில் அவள் இருந்தபோது ஒரு முடி விழவில்லை, சீப்பு சுத்தமாக இருந்தது, பின்னல் மணிக்கட்டு கனத்துக்கு வந்துவிட்டது, நான் வேலை பார்க்கும் கடையில் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்தார்கள், என்னம்மா சாப்பிடுறே என்று கேட்டார்கள், நானும் ஏதோ என் சாமர்த்தியம் மாதிரி சிரித்தேன். அப்போது யாராவது சொல்லியிருக்கலாம் இல்லையா, விழாமல் நிற்பதெல்லாம் பிறகு வரிசையாக விழும் என்று? மசக்கையைப் பற்றிச் சொன்னார்கள், தூக்கம் போகும் என்று சொன்னார்கள், தையல் வலிக்கும், பால் கட்டும், எல்லாம் சொன்னார்கள், இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு மூன்றரை மாதம், தலை துவட்டிய துண்டு கனமாக இருக்கிறதே என்று விரித்துப் பார்த்தால்... அன்று கட்டில் ஓரத்தில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரோ செத்துப்போன செய்தி வந்த மாதிரி. அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா மூன்று மாதம் என்னோடு இருந்துவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தாள், அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. "அட, எனக்கும்தான் கொட்டிச்சு, எல்லாம் வந்துடும் போ. பாப்பா என்ன பண்றா? கவுந்துக்கிறாளா?" கவுந்துக்கிறாள் அம்மா. அதற்கப்புறம் பேச்சு முழுக்கக் கவிழ்வதைப் பற்றித்தான். கீழ்வீட்டு அம்மா, எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டவர், இன்னும் ஒரு படி மேலே போனார், "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்மா, அது அப்படித்தான்" என்றார், சிரித்துக்கொண்டே, நல்ல செய்தி சொல்லும் குரலில். பட்டாணி சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. குழந்தை சிரிக்கும்போது தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிற தாய் என்ன தாய்?

பட்டாணியின் அப்பா கேலி செய்தது வேறு. கேலி என்று சொல்லக்கூடாது, பாவம், என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் இவருடைய சட்டை முதுகிலிருந்து ஒரு நீள முடியை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, யாருதுப்பா இது, வீட்ல தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். "நான் சொன்னேன், வீட்ல தெரியாம எப்படி, வீடு பூரா அதுதான் கிடக்கு, பூனை வளர்த்தாக்கூட இவ்வளவு விழாதுன்னு." நானும் சிரித்தேன். நல்லாவே சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எழுவதற்கு முன்னால் தலையணை உறையைத் தட்டிவிடுகிறேன், துணி உலர்த்தும்போது அவர் சட்டைகளைத் தனியாக உதறுகிறேன், குளியலறையில் சேருவதை உருண்டையாக்கிக் காகிதத்தில் சுற்றி, அதையும் பட்டாணியின் அழுக்கு டயப்பருக்குள் வைத்து மடித்து, குப்பைக்கூடையின் அடியில்... கொலை செய்தவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை மறைக்கமாட்டார்கள். யாரிடமிருந்து மறைக்கிறேன்? அவர் தேடுகிறாரா என்ன? வீடியோவில் மாமியார் கூப்பிட்டால் போனைப் பட்டாணிக்கு மட்டும் நேராகப் பிடித்துக்கொள்கிறேன், என் மூக்கும் வாயும் மட்டும் ஓரத்தில் தெரியும், நெற்றி தெரியாது, நெற்றியின் இரண்டு மூலையிலும் பிறைபிறையாக வெளுத்துப்போனது தெரியாது. ஒன்றரை மாதமாகிறது. உன் முகத்தைக் காட்டேன்மா என்று மாமியார் ஒரு தடவையும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வேலைக்குப் போகவேண்டும், அதுதான் இப்போது நெஞ்சில் கல். போன் பழுது பார்க்கும் கடை, நான் போர்டு வேலை, அதாவது போனைத் திறந்து உள்ளே இருக்கிற பச்சைத் தகட்டில் அறுந்த இடங்களை ஒட்டவைப்பது. தண்ணீரில் விழுந்தது, மாடியிலிருந்து விழுந்தது, குழந்தை வாயில் வைத்துக் கடித்தது, எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். நுண்ணோக்கியின் கீழே தகட்டை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை இடுக்கியால் பிடித்து, மூச்சை நிறுத்தி, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு... என் கை நடுங்காது, கடை முழுக்கத் தெரியும், முதலாளி புதிதாக வருகிறவர்களை என் பின்னால் நிறுத்தி, கையைப் பாருங்க, அந்தக் கையைப் பாருங்க என்பார். இனி கையையா பார்ப்பார்கள்? குனிந்தால் மேஜை விளக்கு நேராக உச்சந்தலைமேல் விழும், வகிடு ஒரு தெரு மாதிரி விரிந்து கிடப்பது பின்னால் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதுதான் பயம், கேட்காமல் பார்ப்பார்கள். தகட்டின்மேல் ஒரு முடி விழுந்து கம்பியா முடியா என்று தெரியாமல் நான் அதைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தால்? இதை நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே தலையில் தண்ணீர் ஊற்றினேன், அப்போதுதான் அந்த அழுகை.

பட்டாணியின் அழுகை எனக்குத் தெரியும். பசிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, சும்மா என்னை வரவழைக்க ஒன்று, அது நடுநடுவே நின்று நான் வருகிறேனா என்று கேட்டுவிட்டுத் தொடரும். இது எதுவுமில்லை. இது நிற்காமல் ஏறிக்கொண்டே போய் உச்சியில் மூச்சில்லாமல் ஒரு கணம் அப்படியே தொங்கியது, பிறகு உடைந்தது. சோப்பு போகாத தலையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். முகம் சிவந்து, கை முறுக்கி... தூக்கினால் நிற்கவில்லை, பால் கொடுத்தால் கடித்துவிட்டுத் தலையைத் திருப்பினாள், டயப்பர் காய்ந்திருக்கிறது, உடம்பு சுடவில்லை, தோளில் போட்டுத் தட்டினேன், நடந்தேன், ஜன்னலைக் காட்டினேன், காதைத் தொட்டுப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருக்கிறதோ, இல்லையே, மெத்தென்றுதான் இருக்கிறது. காலையிலிருந்தே சிணுங்கினாள், உண்மைதான், அவர் கிளம்பும்போதே முகம் கோணியது, நான்தான் குளிக்கவேண்டும் என்ற அவசரத்தில் கவனிக்கவில்லை, பத்து நிமிடம், பத்தே நிமிடம் எனக்கென்று கேட்டேன், அதற்கா இது? என் தலையிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் சொட்டியது, அதற்கு இன்னும் வீறிட்டாள். கீழேயிருந்து படிக்கட்டு வழியாகக் குரல் வந்தது.

"என்னம்மா, பாப்பா ஏன் இப்படிக் கத்துது?"

"தெரியலைம்மா..."

"வயித்து வலியாத்தான் இருக்கும். குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக் குடு. நீ தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே பால் குடுத்தியா?"

இல்லை என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கேட்டதோ இல்லையோ. எது நடந்தாலும் நான் எதையோ செய்ததால்தான் நடந்திருக்கவேண்டும் என்று இந்த உலகத்தில் எல்லாருக்கும் எப்படித் தெரிகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால் கீழ்வீட்டு அம்மாமேல் கோபப்படவும் முடியவில்லை. குப்புறப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன், வலது காலை உதைக்கிறாள், இடது காலை உதைக்கவில்லை, அதை வயிற்றோடு சேர்த்து மடக்கி மடக்கி இழுத்துக்கொள்கிறாள், சுட்டுக்கொண்ட கையை நாம் இழுத்துக்கொள்கிற மாதிரி. சாக்ஸைக் கழற்றினேன். நடுவிரல்... முதலில் விரல் என்றே தெரியவில்லை, ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தட்டிவிடப் போனேன். கத்தரிக்காய் நிறத்தில், பளபளவென்று, வீங்கி, அடியில் மட்டும் யாரோ கயிறு கட்டி இறுக்கிய மாதிரி ஆழமாக ஒரு கோடு. கயிறு எங்கே? சாக்ஸை உள்ளே திருப்பினேன், நூல் எதுவும் பிரிந்திருக்கவில்லை. விரலை ஒதுக்கிக் கோட்டுக்குள் பார்த்தேன், ஒன்றுமில்லை, சதைதான், சதை இரண்டு பக்கமும் பிதுங்கி அந்தக் கோட்டை மூடியிருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் தெரியாத மாதிரி அலமாரிக்குப் போய்த் தலையில் மாட்டும் என் பூதக்கண்ணாடியை எடுத்து, விளக்கைப் போட்டு, அந்த விரலைப் பார்த்தேன்.

முடி. கறுப்பாக, நீளமாக, கோட்டின் அடியில் ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று. துவைத்தபோது சாக்ஸுக்குள் போயிருக்கிறது, அவர் சட்டைகளையெல்லாம் உதறினேனே, இந்த இத்தனூண்டு சாக்ஸை உதறத் தோன்றவில்லையே, அவள் காலை ஆட்ட ஆட்ட அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் குளியலறையிலிருந்து அந்தக் கால் ஆடுவதைப் பார்த்து, ஆடுகிறதே, நன்றாக இருக்கிறாள் என்று... இடுக்கியை எடுத்தேன். கடையில் எனக்கென்று வைத்திருந்தது, விடுப்பில் வரும்போது கூடவே கொண்டுவந்தது, ஊசிமுனை. இதைவிட மெல்லியதையெல்லாம் எடுத்திருக்கிறேன், எத்தனை தடவை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். காலை முழங்கையால் அழுத்திக்கொண்டு முனையைக் கோட்டுக்குக் கொண்டுபோனேன், அவள் வீறிட்டாள், விரல் நகர்ந்தது, முனை சதையில் பட்டது, ஒரு பொட்டு ரத்தம். மறுபடியும். என் கை நடுங்கியது. இந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. மறுபடியும் குனிந்தபோது என் ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரோடு இன்னொரு முடி கழன்று, மெதுவாக, அவள் பாதத்தின்மேல் வந்து விழுந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே போட்டேன். என்னால் முடியாது, நான் தொடக்கூடாது, நான் தொடத் தொட இன்னும் இறுகும்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி. நைட்டிமேல் ஒரு துப்பட்டா, காலில் அவர் செருப்பு, தலையை முடியவில்லை, முடிய ஒரு கை வேண்டுமே. மறு கையில் போன், அவருக்கு அடித்தேன், வேலை நேரத்தில் அங்கே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று தெரிந்தே அடித்தேன், இரண்டு ரிங் போனதும் நிறுத்திவிட்டேன். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஹார்டுவேர் கடை வாசலில் இரும்புக்குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள், பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்காமல் என்ன, குழந்தை அந்த அலறு அலறுகிறது. ஆனால் எனக்கு அந்த நேரத்திலும், ஐயோ, அந்த நேரத்திலும் புத்தி எங்கே போனது தெரியுமா, காற்றில் ஈரம் காயக் காய முடி பிரிந்து நெற்றி மூலை இரண்டும் வெட்டவெளிச்சமாகத் தெரியுமே, துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிடலாமா என்று. குழந்தையின் விரல் கறுத்துக்கொண்டிருக்கிறது, தாய் துப்பட்டாவை யோசிக்கிறாள். இதை நான் யாரிடமாவது எப்போதாவது சொல்லமுடியுமா? நடையை எட்டிப் போட்டேன், செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, கழன்ற செருப்பை விட்டுவிட்டு நடந்தேன், பின்னாலிருந்து ஏம்மா ஏம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் டோக்கன் எழுத ஆரம்பித்தாள், குழந்தை பேர் என்ன என்றாள், எனக்குப் பட்டாணி என்றுதான் வந்தது. அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார், ஐம்பது வயது இருக்கும், அகலமான உடம்பு, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை, பட்டாணியின் காலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், "முடியா?" என்றார். தலையாட்டினேன். "உள்ள வா." டாக்டர் இளம்பெண், என் வயதுதான், முழுக்கை கோட்டுக்குள் ஒல்லியாக. விளக்கை இழுத்துக் கீழே இறக்கினார். நர்ஸ் பட்டாணியின் தொடையைப் பிடித்துக்கொண்டார், என்னைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னார், முகத்துக்கு நேரா நில்லு, உன்னைப் பார்க்கட்டும். பட்டாணி என்னைப் பார்த்தாள், தலைகீழாக, கண்ணீர் காதுக்குள் ஓட, நீயா, நீயா இப்படிச் செய்தாய் என்று கேட்கிற மாதிரி... இல்லை, அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு என்ன தெரியும், நான்தான் கேட்டுக்கொண்டேன். மெல்லிய கத்தி ஒன்று, கோட்டுக்குக் குறுக்கே, ஒரு கீறல், இன்னொன்று. டாக்டர் இடுக்கியால் எதையோ தூக்கினார், வரவில்லை, மறுபடியும் தூக்கினார், வந்தது. வெள்ளைத் துணியில் வைத்தார். இரண்டு துண்டு. இவ்வளவுதானா என்று இருந்தது. விரலைப் பார்த்துக்கொண்டே நின்றோம் மூன்று பேரும், கறுப்பு மெல்ல நீலமாகி, நீலம் கருஞ்சிவப்பாகி... "வந்துடுச்சு" என்றார் நர்ஸ், டாக்டருக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

"நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." முடிக்கவில்லை. "முடி ரொம்பக் கொட்டுதா?"

"ஆமா."

"சகஜம்தான். கர்ப்பத்துல விழாம நின்னதெல்லாம் இப்ப சேர்ந்து விழுது. ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிடும். சாக்ஸ், கையுறை எதுவா இருந்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டுப் போடுங்க. அரை மணி நேரம் வெளியில இருங்க, விரலை இன்னொரு தடவை பார்த்துட்டு அனுப்பறேன்."

சகஜம். நல்ல வார்த்தை. அம்மாவும் அதைத்தான் சொன்னாள், கீழ்வீட்டு அம்மாவும் அதைத்தான் சொன்னார். எல்லாருக்கும் சகஜமாக நடப்பது எனக்கு நடக்கும்போது மட்டும் ஏன் எனக்கு ஒருத்திக்கே நடக்கிற மாதிரி இருக்கிறது? ஊசி போடும் அறையில் ஒரு முக்காலி, அதில் உட்காரச் சொன்னார்கள். பட்டாணி விம்மி விம்மிப் பால் குடித்தாள், குடித்தபடியே தூங்கினாள், தூக்கத்திலும் ஒரு விம்மல் வந்து உடம்பு குலுங்கி அடங்கியது. விரலில் சின்ன வெள்ளைக் கட்டு, சோளப்பொரி மாதிரி. மூடிய கதவுக்கு வெளியே ஒரு குழந்தை இருமியது, யாரோ பேப்பர் புரட்டினார்கள். நர்ஸ் உள்ளே வந்து தட்டுகளை அடுக்கினார், குழாயில் கை கழுவினார், துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "தனியாவா வந்தே?" ஆமா. "செருப்பு?" அப்போதுதான் கீழே பார்த்தேன், ஒரு காலில் மட்டும் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், அதில் தார் ஒட்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. பின்னால் வந்து நின்றார். "கொஞ்சம் நிமிந்து உக்காரு. பாப்பாவை எழுப்பிடாதே." என் தோளிலிருந்து, முதுகிலிருந்து, நைட்டிக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார், துணி மடிப்பிலிருந்து நூல் எடுக்கிற மாதிரி, எடுத்ததைக் குப்பைத்தொட்டியில் போட்டார், மறுபடியும் எடுத்தார். பிறகு பத்து விரலையும் என் தலைக்குள் விட்டு நெற்றியிலிருந்து பின்னுக்கு வாரினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வரும், இப்போது கையோடு வரும், வந்ததும் ஐயய்யோ என்பார்... வந்தது, எனக்குத் தெரிந்தது, கொத்தாகவே வந்தது. அதைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் வாரினார்.

"சோப்பே போகலையே தலையில," என்றார்.

"குளிச்சிட்டிருந்தேன்..."

"ம். ரெண்டாவது பொண்ணு பொறந்தப்ப எனக்கு இந்தப் பக்கம் பூரா வழுக்கை." அவர் விரல் என் இடது நெற்றி மூலையைத் தொட்டுக் காட்டியது, நான் ஒன்றரை மாதமாக ஒருவருக்கும் காட்டாத இடம், அங்கேயே. "அப்பல்லாம் எங்களுக்குத் தொப்பி உண்டு, வெள்ளைத் தொப்பி, அதைக் காது வரைக்கும் இழுத்துவிட்டு ஓட்டிட்டேன் ஒரு வருஷம். வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரு கேக்கலை, நானும் சொல்லலை. இப்பத்தான் ஒருநாள் பேச்சு வந்தப்ப சொன்னேன், சொல்லியிருக்கலாமேங்கறாரு, இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு." கொண்டையாகச் சுருட்டினார், கட்டுப்போடும் துணியில் ஒரு முழம் கிழித்து இறுக்கிக் கட்டினார், முடிச்சு போட்டார், கழுத்தில் விழுந்திருந்த ஈரத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உடைந்தது. சத்தம் வராமல் வாயைத் திறந்துகொண்டு அழுதேன், பட்டாணியின் வயிறு என் வயிற்றோடு சேர்ந்து குலுங்கியது. விரல் பிழைத்ததற்காக அழுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் அது எப்போதோ முடிந்துவிட்டது, இது வேறு. பால் கொடுக்கவென்று இல்லாமல், தையல் பார்க்கவென்று இல்லாமல், ரத்த அழுத்தம் பார்க்கவென்று இல்லாமல், எதற்கென்றும் இல்லாமல் ஒரு கை என்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று? "அழு, அழு, பாப்பா தூங்குது" என்றார். வெளியே யாரோ கூப்பிட்டார்கள், வரேன் என்று குரல் கொடுத்துக்கொண்டே போய்விட்டார். கிளம்பும்போது தேடினேன், உள்ளே யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், அவருடைய முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பட்டாணியைக் கட்டிலில் போட்டேன், வெறுங்காலோடு, இனி எத்தனை குளிரானாலும் வெறுங்கால்தான் என்று இப்போதைக்கு நினைத்துக்கொண்டேன். படுக்கை விரிப்பை மாற்றினேன், சாக்ஸ் ஏழு ஜோடியையும் உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், மூன்றாவது ஜோடியில் ஒன்று இருந்தது, சுருண்டு, மூலையில், காத்திருந்த மாதிரி. எடுத்தேன். இப்போது கை நடுங்கவில்லை, இப்போது நடுங்காமல் இருந்து என்ன பயன். தரையில் உட்கார்ந்தேன். கீழ்வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை என்று நினைவு வந்தது, வந்ததே தவிர எழுந்திருக்கத் தோன்றவில்லை. மணி ஒன்றரை இருக்கும், போன் அடித்தது, அவர்தான், சாப்பாட்டு இடைவேளை.

"கூப்பிட்டிருந்தியா? ரெண்டு ரிங்குல கட்டாயிருக்கு."

"சும்மாதான்," என்றேன்.

அது தானாகவே வந்தது. சொல்லவேண்டும் என்று வழி முழுக்க வாக்கியம் வாக்கியமாகக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன், விரலிலிருந்து தொடங்குவதா, சாக்ஸிலிருந்து தொடங்குவதா, என் முடி என்று முதலிலேயே சொல்லிவிடுவதா, அல்லது அதைக் கடைசியில்... எதுவும் வரவில்லை. சும்மாதான்.

"பட்டாணி?"

"தூங்கறா."

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

இதுவும் தானாகவே வந்தது. நான் திடுக்கிட்டேன். நேற்றும் இதே நேரம் இதே கேள்வி, இதே பதில், நேற்று சாப்பிட்டேனா? முந்தாநாள்? அவர் கேட்கவில்லை கேட்கவில்லை என்று இத்தனை நாளாக மனசுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேனே, அவர் கேட்டதற்கெல்லாம் நான் என்ன சொல்லியிருக்கிறேன்? பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ பெரிதாகச் சிரித்தார்கள், அவர் தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு எப்போதும் போல, இழுத்தாற்போல,

"அப்புறம்?"

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் உண்டு, ஒண்ணுமில்லை, வெச்சிடறேன். அவர் அப்புறம் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், வைத்துவிடலாம் என்று அர்த்தம், அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து. ஆனால் அது கேள்விதானே? மேலே சொல்லு என்று கேட்கிற வார்த்தைதானே அது? அவரும் அப்படி நினைத்துத்தான் கேட்கிறாரா, இல்லை எல்லாரும் சொல்கிற மாதிரி வாய்ப்பழக்கமா, தெரியவில்லை, ஒருநாளும் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. கொண்டையில் கட்டுத்துணி இறுக்கமாக இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன். அவர் இன்னும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றேன், "அப்புறம்..."